மின்னல் மிகப் பக்கத்தில் விழுந்தவர்கள்: அதற்கு முன் ஏதாவது தெரிந்ததா?

தூறல் எழுதியது:

மின்னல் தன் மீதோ கூப்பிடு தூரத்திலோ விழுந்த அனுபவம் உள்ளவர்களுக்காக இந்த இழை. பயமாக இருந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது எல்லோருக்கும் பொதுதான். நான் கேட்க விரும்புவது அதற்கு முந்தைய கணத்தைப் பற்றி. விழுவதற்கு முன் உடம்பிலோ சுற்றிலுமோ ஏதாவது மாறியதா? வெளிச்சம், சத்தம், வாசனை, இதில் எது முதலில் வந்தது?

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்மையில் எதிர்க் கட்டடத்தின் உச்சியில் விழுந்தது. நான் ஜன்னலைச் சாத்தப் போய்க்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியில் "டிக்" என்று ஒரு சத்தம். சின்னதுதான், ஆனால் தெளிவாகக் கேட்டது. அப்புறம்தான் இடி. வீட்டில் சொன்னால், "ரெண்டும் ஒண்ணாத்தான் வந்தது, உனக்குப் பிரமை" என்கிறார்கள். பிரமையா?


ஒற்றையடிப்பாதை எழுதியது:

எனக்கு முன்கூட்டியே நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் இன்று இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மலை முகட்டில் நாலைந்து பேர் நடந்துகொண்டிருந்தோம். மழை இல்லை. மேகம் தலைக்கு மேல் கறுத்திருந்தது, இடி மட்டும் பக்கத்து மலைக்கு அந்தப்புறம் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் என் கைத்தடியின் உலோக நுனி ரீங்கரிக்க ஆரம்பித்தது. தடியைத் தூக்கினால் சத்தம் கூடியது, இறக்கினால் குறைந்தது. எனக்கு முன்னால் போன தோழியின் முடி கிளம்பி மேலே நின்றது. பின்னல் அப்படியே கிடந்தது, நெற்றியோரம் பிரிந்து கிடந்த முடி மட்டும். முகத்தில் சிலந்தி வலை ஒட்டியது மாதிரி ஒரு கூச்சம், துடைத்தாலும் போகவில்லை.

கூட வந்த ஒருவன் இதைப் படம் எடுக்கக் கைபேசியை வெளியே எடுத்தான். அவன் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினோம். இறங்கினோம் என்று சொல்வதைவிடச் சறுக்கினோம் என்பது சரி. நாங்கள் நின்ற முகட்டிலேயே சற்று நேரத்தில் விழுந்தது. "சர்ர்" என்று ஏதோ கிழியும் ஓசை, அது முடிவதற்குள் வெடி. உருட்டிக்கொண்டு போகும் இடி முழக்கமெல்லாம் தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான். பக்கத்தில் இருந்தால் ஒரே அறை, அவ்வளவுதான்.

1975-இல் கலிபோர்னியாவின் மோரோ பாறை மேல் எடுத்த புகைப்படம் ஒன்று இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். தலைமுடி நட்டுக்கொண்டு நிற்க, சிரித்துக்கொண்டு நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் மின்னல் அங்கேயே விழுந்தது, அந்தக் குடும்பத்திலேயே ஒருவர் காயப்பட்டார். முடி எழுந்தால் சிரிக்க நேரமில்லை.


மின்கம்பி எழுதியது:

தூறலுக்கு: பிரமை இல்லை. நீங்கள் கேட்டது சரி, வீட்டில் உள்ளவர்கள் சொல்வதும் ஒரு வகையில் சரி. மின்காப்புத் துறையில் வேலை பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேகத்திலிருந்து மின்னல் ஒரே வீச்சில் இறங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்கால், அதாவது மின்னேற்றம் கொண்ட மெல்லிய கீற்று, ஏறக்குறைய 50 மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் நின்று நின்று இறங்கி வருகிறது. அதற்கு நிலத்தில் எந்தப் பொருள் மேலும் குறி கிடையாது. தரையை நெருங்கிய பிறகுதான் கீழே இருக்கிற கம்பம், மரம், மனிதன் எல்லாவற்றின் உச்சியிலிருந்தும் சிறு பொறிக்கீற்றுகள் அதை நோக்கி மேலே எழும்புகின்றன. எது முதலில் போய்த் தொடுகிறதோ அந்த வழியில் பாதை திறந்துகொள்ளும். நாம் மின்னல் என்று பார்ப்பது அதற்கப்புறம் அந்தப் பாதையில் கீழிருந்து மேலே பாய்கிற பெரு வெளிச்சத்தை. அதன் வேகம் ஒளி வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போகும். மின்னோட்டம் சாதாரணமாக 30,000 ஆம்பியர். பாதை விரல் தடிமன்தான், ஆனால் அதற்குள் காற்று 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது, சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. அந்தக் காற்று வெடித்து விரிவதுதான் இடி.

இப்போது உங்கள் "டிக்". எதிர்க் கட்டடத்தில் அவ்வளவு பெரிய மின்னோட்டம் ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்குக்குள் ஏறும்போது, பக்கத்தில் இருக்கிற வயர்கள் எல்லாவற்றிலும் மின்னழுத்தம் தூண்டப்படும். உங்கள் சுவிட்சுக்குள் ஒரு பொறி பறந்திருக்கும். அந்தப் பொறி உங்களுக்கு ஓரடி தூரத்தில், இடி பிறந்த இடமோ அறுபது எழுபது மீட்டருக்கு அப்பால். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். ஆக இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தவைதான், உங்கள் காதுக்கு வந்த நேரம் மட்டும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி. திறந்த வெளியில் நிற்பவர்களும் இப்படி ஒரு "டிக்" கேட்டதாகச் சொல்வது உண்டு. அவர்கள் தலையிலிருந்தோ பக்கத்துப் புல்லிலிருந்தோ கிளம்பிய பொறிக்கீற்று அது.

முன்னறிவிப்பா என்றால் இல்லை. மின்கால் மேகத்திலிருந்து தரைக்கு வர எடுக்கும் நேரமே ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். கண்ணை இமைக்க அதைவிட அதிக நேரமாகும். ஒற்றையடிப்பாதை சொன்ன முடி எழும்புவது, ரீங்காரம் எல்லாம் வேறு விஷயம். மின்புலம் மெதுவாக ஏறிக்கொண்டே போய், கூர்முனைகளில் கசிய ஆரம்பித்துவிட்டது. மலை முகட்டில் அது நன்றாகத் தெரியும், சமவெளியில் பெரும்பாலும் தெரிவதில்லை.


கடைசிபெஞ்ச் எழுதியது:

ஆமாம், எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

கால்பந்து மைதானம். தூறல் விட்டிருந்தது, வானம் ஒரு பக்கம் வெளுத்துக்கூட இருந்தது. ஆட்டம் மறுபடி ஆரம்பித்துப் பந்து எங்கள் பக்கம் வந்தது. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது, கன்னம் புல்லில் அழுந்தியிருக்கிறது, கண்ணுக்கு முன்னால் புல் நுனியில் தண்ணீர்த் துளி ஒன்று. நடுவில் எதுவும் கிடையாது. வெளிச்சம் பார்க்கவில்லை, சத்தம் கேட்கவில்லை. எழப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை. மைதானத்தில் பாதிப் பேர் கிடந்தார்கள். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்தீர்கள் என்றார்கள்.

மின்னல் எங்களில் யார் மேலும் விழவில்லை. மூலையில் இருந்த விளக்குக் கம்பத்தில் விழுந்தது. கம்பத்தடியில் இருந்து புல் கருகிக் கோடு கோடாகப் பிரிந்து போயிருந்தது. கோல்கீப்பருக்குச் செவிப்பறை கிழிந்துவிட்டது. ஒருவனுடைய காலணி தையல் பிரிந்து திறந்து கிடந்தது, காலில் கீறல் இல்லை. எனக்குக் கால் இரண்டும் அன்று சாயங்காலத்துக்குள் திரும்பி வந்துவிட்டன.

விழுந்ததோ கம்பத்தில், அப்புறம் எங்களை எது தள்ளியது?


மின்கம்பி எழுதியது:

தரை. மின்னல் கம்பத்தடியில் மண்ணுக்குள் போனதும் அங்கேயே மறைந்துவிடாது, நாலாபுறமும் பரவும். கம்பத்துக்குப் பக்கத்தில் மின்னழுத்தம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். உங்கள் ஒரு கால் கம்பத்துக்குக் கிட்டவும் மறு கால் எட்டவும் இருந்தால், இரண்டு பாதத்துக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். ஓடுகிற ஆளுக்குக் கால் அகலமாக இருக்கும், அதனால் வித்தியாசமும் அதிகம்.

மின்னலால் பாதிக்கப்படுவோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடி வருவது இப்படித் தரை வழியாகத்தான். நேரடியாகத் தலையில் வாங்குபவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர். மிச்சம் பேருக்கு மரத்திலிருந்தோ சுவரிலிருந்தோ பக்கவாட்டில் தாவும், அல்லது தொட்டுக்கொண்டிருந்த குழாய், கம்பி வழியாக வரும், அல்லது அவர்கள் உடம்பிலிருந்தே கிளம்பி மேலே போய்ச் சேராமல் போன பொறிக்கீற்றால் வரும்.

நாலு கால் விலங்குகளுக்கு இது இன்னும் மோசம். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம் வேறு. நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் 2016 ஆகஸ்ட்டில் 323 கலைமான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. புயலுக்கு ஒண்டி நெருக்கமாக நின்றிருக்கின்றன. அத்தனையையும் தனித்தனியாகக் குறிவைத்து அடித்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.


சும்மாபடிப்பவன் எழுதியது:

நேரடியாக வாங்குபவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் என்றால், ராய் சல்லிவன் எந்தக் கணக்கில் வருவார்? ஷெனாண்டோவா தேசியப் பூங்காக் காவலர், 1942-க்கும் 1977-க்கும் நடுவில் ஏழு தடவை மின்னல் அடித்துப் பிழைத்தவர். தலைமுடியே பற்றி எரிந்திருக்கிறது. கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறார். மின்னல் அவரைத் தேடி வந்ததாக அவரே நம்ப ஆரம்பித்துவிட்டாராம்.


ஒற்றையடிப்பாதை எழுதியது:

வேலையே மலை முகட்டிலும் காட்டிலும், அதுவும் புயல் மழையில் சுற்றி வருவது. அதற்கு மேல் மர்மம் தேட வேண்டாம் சகோ. ஏழு தடவை என்பது நம்ப முடியாததுதான், ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு நடக்கவில்லையே.


அவசரப்பிரிவு எழுதியது:

கடைசிபெஞ்ச், உங்கள் கால்களுக்கு நடந்ததற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு, தமிழில் மின்னல் வாதம் என்று சொல்லலாம். நரம்புகள் திணறிப்போய் இரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும். கால் வெளுத்து, சில்லிட்டு, நாடிகூடச் சிக்காது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். முதல் தடவை பார்க்கும் மருத்துவர் கதிகலங்கிப் போவார். நானும் போனேன்.

காலணி பிரிந்ததும் காலில் கீறல் இல்லாததும் கதை இல்லை. மின்னோட்டத்தின் பெரும்பகுதி நனைந்த தோலின் மேற்பரப்பிலேயே ஓடிவிடும், அதுவும் நொடியின் மிகச் சிறு பங்குக்கு. வியர்வையும் மழைத்தண்ணீரும் ஒரே கணத்தில் நீராவியாகிக் காலணியை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மின்னல் பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆழமான தீக்காயத்தை எதிர்பார்த்துப் போனால் பல பேரிடம் அது இருக்காது. சிலர் தோலில் கிளை கிளையாகப் பிரிந்த சிவப்புக் கோடுகள் வரும், அதுவும் ஓரிரு நாளில் சுவடில்லாமல் மறைந்துவிடும்.

இந்த இழையைப் படிப்பவர்கள் ஒன்றை மட்டும் கேளுங்கள். மின்னல் பட்டவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. உடம்பில் மின்சாரம் தங்காது. தொடப் பயந்து சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்ததாலேயே போன உயிர்கள் உண்டு. ஒரே இடத்தில் பலர் விழுந்து கிடந்தால், சாதாரணமாக நாங்கள் செய்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். முனகுபவர், அழுபவர், காலை அசைக்க முடியாதவர், இவர்கள் எல்லாம் பிழைத்துவிட்டவர்கள், காத்திருக்கலாம். அசைவில்லாமல், மூச்சில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். மின்னல் இதயத்தை ஒரு தடவை நிறுத்திவிடும், பல சமயம் அது தானாகவே மறுபடி துடிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் மூச்சை நடத்தும் மூளைப் பகுதி விழிக்க அதிக நேரம் ஆகும். அந்த இடைவெளியில் மூச்சு கொடுக்க ஆள் இல்லையென்றால் இதயம் இரண்டாவது தடவை நிற்கும், அப்போது திரும்பாது. மார்பை அழுத்துங்கள், மூச்சு கொடுங்கள். கண்மணி விரிந்து அசையாமல் இருந்தாலும் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள், மின்னல் பட்டவருக்குத் தற்காலிகமாக அப்படி ஆகலாம்.

ஒரே நிபந்தனை, இன்னும் இடித்துக்கொண்டிருந்தால் முதலில் அவரைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தப் பாருங்கள். விழுந்த இடத்தில் மறுபடி விழாது என்று மின்னல் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.


பின்னிரவு எழுதியது:

நான் இங்கே படிப்பதோடு சரி. டாக்டர் "பிழைத்துவிட்டவர்கள்" என்று எழுதியதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. தப்பாகச் சொல்லவில்லை டாக்டர், ஆனால் பிழைத்ததற்கு அப்புறமும் கொஞ்சம் இருக்கிறது.

வீட்டுக்குள்தான் இருந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், இடது கையால் குழாயை மூடப் போனேன். கட்டடத்தின் மேல் விழுந்த மின்னல் உலோகக் குழாய் வழியாக வந்து கைக்குத் தாவியது. தூறல் கேட்ட கேள்விக்கு என் பதில்: முன்னால் ஒன்றும் இல்லை. குழாயின் வாய்க்கும் என் விரலுக்கும் நடுவில் நீல வெள்ளையாக ஒரு கோடு நின்றதைப் பார்த்தேன், அது மட்டும் இன்றும் அப்படியே கண்ணில் இருக்கிறது. அப்புறம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். மூக்கில் ஏறும் காரமான வாசனை. முழங்கையிலிருந்து தோள்வரை அந்தச் சிவப்புக் கோடுகள். மருத்துவமனையில் இரவு வைத்திருந்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று மறுநாள் அனுப்பிவிட்டார்கள். கோடுகளும் போய்விட்டன. எல்லோரும் கையைப் பிடித்துப் பார்த்து, அதிர்ஷ்டசாலி என்றார்கள்.

மாற்றம் சில வாரங்கள் கழித்துத்தான் தெரிய ஆரம்பித்தது. ஒரு பத்தியைப் படித்து முடிக்கும்போது முதல் வரி போயிருக்கும். கூடவே பல வருடம் வேலை பார்த்தவரின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நிற்கும், வெளியே வராது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சும் புரியாது. தூக்கம் துண்டு துண்டானது. முன்பெல்லாம் கோபமே வராத ஆள் நான், இப்போது கரண்டி கீழே விழுந்த சத்தத்துக்குக் கத்துகிறேன். இடது கையில் யாரும் தொடாமலே எரிச்சல்.

மூளையை ஸ்கேன் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. பிரச்சினையே அங்கேதான் ஆரம்பித்தது. வேலை பார்த்த இடத்தில் அந்த அறிக்கையை என் முன்னாலேயே வைத்து, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றார்கள். காயம் இருந்தால் கட்டு இருக்கும், கட்டு இருந்தால் நம்புவார்கள். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. சோம்பேறித்தனத்துக்கு மின்னல் ஒரு சாக்கு என்று முதுகுக்குப் பின்னால் பேசியதும் காதுக்கு வந்தது. இப்போது வேறு வேலை. அடுப்பை அணைத்தேனா என்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டுதான் வீட்டைப் பூட்டுகிறேன். பூட்டியதையும் படம் எடுக்கிறேன்.

வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?


அவசரப்பிரிவு எழுதியது:

பின்னிரவு, நீங்கள் சொன்னதில் எதுவும் எனக்குப் புதிதாக இல்லை. மறதி, கவனம் சிதறுவது, தூக்கக் கேடு, எரிச்சல், நரம்பு வலி, இவை மின்னல் பட்டவர்கள் திரும்பத் திரும்பச் சொல்பவை. ஸ்கேன் மூளையின் வடிவத்தைக் காட்டும், அது வேலை செய்யும் விதத்தைக் காட்டாது. வடிவம் சரியாக இருப்பதால் செயல் சரி என்று ஆகிவிடாது. நீங்கள் கேட்க வேண்டியது நரம்பியல் உளவியல் பரிசோதனை. உட்கார வைத்து நினைவு, கவனம், வேகம் எல்லாவற்றையும் கேள்விகளாலும் பயிற்சிகளாலும் அளப்பார்கள். எண்களாக அறிக்கை கையில் வரும், நம்பாதவர்களிடம் காட்டவும் உதவும். நரம்பு வலிக்குத் தனி மருந்துகள் உண்டு, சாதாரண வலி மாத்திரை அதற்குச் சரிப்படாது. காதையும் கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள், மின்னல் பட்டவர்களுக்குக் கண்புரை நாள் கழித்தும் வரலாம்.

"பிழைத்துவிட்டவர்கள்" பற்றி நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது.


கடைசிபெஞ்ச் எழுதியது:

பின்னிரவு, எங்கள் கோல்கீப்பருக்குக் காது சரியாகிவிட்டது, ஆனால் நீங்கள் சொன்ன கத்தல் அவனுக்கும் இருக்கிறது. வீட்டில் குணம் மாறிவிட்டது என்கிறார்கள். மின்னலோடு சேர்த்து நாங்கள் யாருமே பார்க்கவில்லை. உங்கள் பதிவை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.


பச்சையம் எழுதியது:

மரங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். யூகலிப்டஸ் மரம் ஒன்றில் விழுந்ததை ஒரு கொட்டகைக்குள் இருந்து பார்த்தேன். மரம் எரியவில்லை, வெடித்தது. மழை நின்றதும் போய்ப் பார்த்தோம். உச்சியிலிருந்து வேர்வரை ஒரு கையகலத்துக்குப் பட்டை உரிந்து, நார் முறுக்கிய திசையிலேயே தண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கியிருந்தது. உள்ளே மரம் வெளுப்பாக, ஈரமாக, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் உயரச் சிம்பு ஒன்று பறந்து போய் எதிரே இருந்த மரவேலியில் குத்திக்கொண்டு நின்றது. பிடுங்கிப் பார்த்தோம், வரவில்லை.

பட்டைக்கு அடியில் ஓடுகிற ஈரமான அடுக்கு வழியாகத்தான் மின்சாரம் இறங்குகிறது. அந்தச் சாறு நீராவியாகி விரியும் வேகத்தில் பட்டை தெறிக்கிறது. மழைக்கு மரத்தடியில் ஒதுங்கக் கூடாது என்பதற்கு எல்லோரும் மின்னல் தாவும் என்ற காரணத்தைத்தான் சொல்வார்கள். தாவும், உண்மை. அது தாவாவிட்டாலும் அந்தச் சிம்பு போதும்.

அப்புறம், அந்த மரம் பிழைத்துக்கொண்டது. உரிந்த இடத்தின் இரண்டு ஓரமும் மூடிக்கொண்டு வருகிறது.


நீலவானம் எழுதியது:

திறந்த வெளியில் மாட்டிக்கொண்டால் பாதங்களைச் சேர்த்து வைத்துக் குந்தி உட்கார வேண்டும் என்று பள்ளியிலேயே சொல்லித் தந்தார்கள். அது சரியா? தரை வழியாக வருவதற்கும் அதுதானே பொருந்துகிறது.


மின்கம்பி எழுதியது:

பாதங்களைச் சேர்ப்பது கணக்குப்படி சரி. ஆனால் குந்துவது ஒரு பாதுகாப்பு என்று நினைத்து உட்கார்ந்துவிடுவதுதான் ஆபத்து. நேரடி அடியிலிருந்தோ பக்கவாட்டுத் தாவலிலிருந்தோ அது உங்களைக் காப்பாற்றாது. அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை அதைப் பரிந்துரைப்பதை விட்டே பல வருடம் ஆகிறது. குந்தியிருக்கும் நேரத்தில் கட்டடத்துக்கோ காருக்கோ நடந்திருக்கலாம் என்பதுதான் அவர்கள் வாதம்.


ஒற்றையடிப்பாதை எழுதியது:

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். கட்டடமும் காரும் நடந்து போகிற தூரத்தில் இருப்பவர்களுக்கு அந்த அறிவுரை சரி. மலையில் அடுத்த கூரை மூன்று மணி நேரத்துக்கு அப்பால். முகட்டை விட்டு இறங்கியாகிவிட்டது, தனி மரம், கம்பிவேலி, நீரோடை எல்லாவற்றையும் விட்டு விலகியாகிவிட்டது, ஆளுக்கு ஆள் தள்ளி நின்றாகிவிட்டது. இதற்கு மேல் முடி எழும்பினால் குந்தாமல் என்ன செய்வது? ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆள் தள்ளி நிற்பதையும் சும்மா சொல்லவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டால் மூச்சு கொடுக்க ஆள் வேண்டும்.


மின்கம்பி எழுதியது:

கடைசி முயற்சியாக என்றால் சரி. முதல் முயற்சியாக என்றால் இல்லை. ஆனால் படிக்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் காருக்கு நூறு மீட்டரில் இருப்பவர்கள். அவர்களுக்குத்தான் சொல்கிறேன், எழுந்து போங்கள்.

காரில் பாதுகாப்பு டயரால் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிலோமீட்டர் கணக்கில் காற்றைத் துளைத்து வந்த மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் எம்மாத்திரம்? உலோக உடல் மின்சாரத்தைத் தன் வெளிப்பக்கமாகவே கடத்தித் தரைக்குக் கொண்டுபோய்விடும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உலோகத்தில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். துணிக்கூரை கார், இருசக்கர வண்டி, இவற்றில் அந்தப் பாதுகாப்பு இல்லை.


நீலவானம் எழுதியது:

அப்படியே இதையும் தீர்த்துவிடுங்கள். கைபேசி, கழுத்துச் சங்கிலி எல்லாம் மின்னலை இழுக்குமா?


மின்கம்பி எழுதியது:

இழுக்காது. ஐம்பது மீட்டர் உயரத்தில் வந்து நின்று எங்கே போகலாம் என்று தேடும் மின்காலுக்கு உங்கள் கைபேசி ஒரு பொருட்டே இல்லை. உயரமும் தனிமையும்தான் கணக்கு. ஆனால் அடி பட்டுவிட்டால் சங்கிலி சூடாகி அதன் வடிவத்திலேயே தோலைச் சுட்டுவிடும். வீட்டுக்குள் கம்பி இணைத்த தொலைபேசியும் சார்ஜரில் மாட்டிய கைபேசியும் வேறு கதை, அவை சுவரில் உள்ள வயரோடு உங்களை இணைத்துவிடுகின்றன. பின்னிரவுக்குக் குழாய் எப்படியோ, அப்படித்தான் இவையும்.


ஜன்னலோரம் எழுதியது:

விமானத்தில் பட்ட அனுபவம் ஒன்று. இறங்கிக்கொண்டிருந்தோம். இறக்கைக்கு முன்னால் வெள்ளையாக ஒரு வெடிப்பு, "டொப்" என்று சத்தம், யாரோ வெளியிலிருந்து கையால் தட்டிய அளவுக்குத்தான். பக்கத்து இருக்கைக் குழந்தை எழுந்திருக்கக்கூட இல்லை. விமானி, மின்னல் பட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு இறக்கினார். பயணிகள் விமானம் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக வருடத்துக்கு ஒரு தடவை இப்படி நடக்கிறதாம்.

அப்பல்லோ 12 ஏவப்பட்ட முதல் நிமிடத்துக்குள் இரண்டு தடவை மின்னல் வாங்கியது, 1969 நவம்பர் 14. உள்ளே கருவிகள் எல்லாம் கண்டபடி எண்களைக் காட்ட, ஒரே ஒரு சுவிட்சை மாற்றிப்போட்டுச் சரிசெய்தார்கள். அப்புறம் நிலவில் போய் இறங்கியும் விட்டார்கள். அந்த மின்னலை ராக்கெட்டும் அதன் நீண்ட புகையும்தான் கிளப்பிவிட்டன என்பது இதில் வேடிக்கை.


பழையரேடியோ எழுதியது:

அமெச்சூர் வானொலிக்காரன் நான். கொல்லையில் உயரமான ஆன்டெனா வைத்திருப்பவனுக்கு மின்னல் தூரத்துச் செய்தி இல்லை.

தூறல் கேட்டதற்கு ஒன்று சொல்ல முடியும். ஒரு தடவை மழை வருவதற்கு முன் ஆன்டெனாக் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிக் கீழே போட்டேன். அதன் நுனியில் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் "டக்... டக்... டக்..." என்று பொறி பறக்க ஆரம்பித்தது. மேலே மேகத்தில் மின்னேற்றம் கூடக் கூட டக்குகளுக்கு நடுவில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. எங்கோ ஒரு மின்னல் வெட்டியதும் சட்டென்று நின்றுவிடும், மறுபடி மெல்ல ஆரம்பிக்கும். இருட்டு அறையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், நுனிக்கு ஓர் எட்டு தள்ளித்தான். முன்னறிவிப்பு என்று எதையாவது சொல்வதென்றால் அதைச் சொல்வேன். ஆனால் எங்கே விழும் என்று அது சொல்லவில்லை. விழுந்தது தெருமுனைக் கம்பத்தில்.

என் கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்ற மறந்த இணையப் பெட்டிதான் போனது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சில்லு மூடி திறந்து கரியாக இருந்தது. மின்னழுத்தத் தடுப்புப் பலகையில் மாட்டியிருந்தேன், அது மின்கம்பி வழியாக வருவதைத்தானே தடுக்கும், தொலைபேசிக் கம்பி வழியாக வந்ததை அது பார்க்கவே இல்லை.


சும்மாபடிப்பவன் எழுதியது:

பந்து மின்னல் பார்த்தவர்கள் யாராவது? என் பெரியப்பா, ஜன்னல் வழியாக வந்து அறையைச் சுற்றிப் போனது என்பார்.


மின்கம்பி எழுதியது:

பல நூற்றாண்டுகளாக மக்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்னும் கிடையாது. அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கே ஆரம்பித்தால் முடியாது.


கடைசிபெஞ்ச் எழுதியது:

சரி, ஆடுபவர்களுக்கு ஒரு நடைமுறைக் கேள்வி. இடி நின்ற பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று நாங்கள் இப்போது விதி வைத்திருக்கிறோம். எதிரணி ஒவ்வொரு தடவையும் சண்டைக்கு வருகிறது. வெயில் அடிக்கிறது, மழை நின்றுவிட்டது, எதற்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்கிறார்கள். என்ன சொல்வது?


ஒற்றையடிப்பாதை எழுதியது:

மழை நின்றதற்கும் மின்னலுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுங்கள். விலகிப் போகிற மேகத்தின் பின்பக்கத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பக்கவாட்டில் வந்து வெயிலடிக்கிற மைதானத்தில் விழக்கூடும். இடி காதில் கேட்கிறதென்றால் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கிறீர்கள், அதற்கு மேல் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. நீங்களும் தூறல் விட்டுத்தானே ஆடப் போனீர்கள்.


கடைசிபெஞ்ச் எழுதியது:

அதைச் சொன்னேன். "உங்களுக்கு ஒரு தடவை பட்டுவிட்டதே, இனி படாது" என்று சிரித்தார்கள்.


மின்கம்பி எழுதியது:

வாதம் செய்யாதீர்கள். நடுவரிடம் பேசி, ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம், நடுவில் ஒரு முனகல் கேட்டாலும் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து. காத்திருக்கும் இடம் வெறும் கூரை போட்ட பார்வையாளர் மேடை இல்லை, நாலு சுவரும் வயரிங்கும் உள்ள கட்டடம், இல்லாவிட்டால் கார்கள். அதையும் தாளில் எழுதிவிடுங்கள், அதுதான் எப்போதும் விட்டுப்போகிறது.